மூன்றாவது படி

ஆகஸ்ட் மாதம் முதல் சனிக்கிழமை மதியம், பிரதான சாலையின் கோடியில் உள்ள சலவை நிலையத்தில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் வலது கை நீராவி இஸ்திரி இயந்திரத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை ஆராதனையில் சலவை நிலையத்தின் முதலாளியே அவளுக்காக ஜெபித்தார். சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் அவர் ஒருவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கணீரென்ற குரல். "கர்த்தாவே, இந்தச் சிறு பிள்ளையின் கவனக்குறைவை மன்னித்தருளும். அவளுடைய கையைச் சுகமாக்கும்" என்றார். சபை ஆமென் என்றது. மூன்றாவது வரிசையில், கட்டுப்போட்ட கையை மடியில் ஒரு பொட்டலம்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணும் ஆமென் என்றாள். பழக்கதோஷம்.

கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். ஞாயிறு பிற்பகல்களில் ஆலயத்தின் பின்கூடத்தில் வாலிபர் வகுப்பு எடுப்பவள். மூப்பர் அவளுடைய அக்காவின் கணவர். 'கவனக்குறைவு' என்ற சொல்லை அவள் ஏற்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். முட்டை வேகவைக்கச் சொன்னால்கூட மூடியைத் துணியால் பிடித்துத் தூக்குகிற பெண்.

வகுப்பில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஓட்டுநரை அவர்கள் டிரைவரக்கா என்றார்கள். கை வெந்த பெண்ணுக்கு முணுமுணு என்று பெயர். எந்தக் கேள்விக்கும் சரியான பதில் சொல்லுவாள், பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும்படி. முகத்தில் ஒரு முடிகூட முளைக்காத பையன் ஒருவன் தாடி. ஒல்லிக்குச்சியாக இருந்த இன்னொருவன் குண்டு.

வகுப்பின் முதல் பாதி வேதம், மறுபாதி பிழைப்பு. மலைப் பிரசங்கம் முடிந்ததும் சட்டையில் பொத்தான் தைப்பார்கள். கெட்ட குமாரன் கதை முடிந்ததும், வேலைக்கு நேர்முகம் போனால் நாற்காலியில் எப்படி உட்காருவது என்று பழகுவார்கள். இரத்தம் வந்தால் அழுத்திப் பிடிப்பது, எரிவாயு கசிந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் இருப்பது, வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே சொல்வது. "பரலோகத்துக்குப் போற வழிய போதகர் சொல்லுவாரு. அதுவரைக்கும் இங்க இருக்கணும்ல, அதுக்குத்தான் நான்" என்பாள் டிரைவரக்கா.

அவள் மிகவும் பெருமைப்பட்ட பாடம் ஒன்று உண்டு: கோபம். கோபப்படுவது பாவம் இல்லை என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாததுதான் ஆபத்து, பிரேக் பிடிக்காத வண்டியைச் சரிவில் எடுப்பதுபோல. அதற்கு இயேசு வகுத்த மூன்று படிகள் இருக்கின்றன. உனக்குத் தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ச் சொல். கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்கவில்லையா, சபைக்கு முன் சொல். எப்போது சொன்னாலும் மூன்றே வாக்கியம்: என்ன நடந்தது, அதனால் எனக்கு என்ன ஆனது, எனக்கு என்ன வேண்டும். கத்தக் கூடாது. அழுதால் பரவாயில்லை.

இதை அவர்கள் நாடகம்போல நடித்துப் பழகியிருந்தார்கள். குண்டு தாடியின் சைக்கிளைத் திருடுவான். தாடி தனியாகப் போய்ச் சொல்லுவான். குண்டு மறுப்பான். தாடி இரண்டு பேரோடு வருவான். குண்டு தரையில் விழுந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, பெருங்குரலில் மனந்திரும்புவான். எல்லாரும் சிரிப்பார்கள். அதற்குள் தேநீர் வந்துவிடும்.

அந்த ஞாயிறு பிற்பகல் முணுமுணு கட்டுப்போட்ட கையோடு வகுப்புக்கு வந்தாள். எல்லாரும் போனபின் நாற்காலிகளை இடது கையால் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"டிரைவரக்கா, மெஷினுக்கு முன்னால ஒரு கம்பி இருக்கு. கை அதுல பட்டா மேல்தகடு இறங்காது. அதத் தூக்கிக் கட்டி வச்சிருந்தாங்க."

"யாரு கட்டினது?"

"மூப்பர் அங்கிள்தான் கட்டச் சொன்னாரு. ஷீட்டு மடிப்பு பட்டாலும் மெஷின் நின்னுடுதாம். சட்ட மாட்டுற ஹேங்கரோட கம்பியாலதான் கட்டியிருக்கு."

"இத ஏன்டி காலையில சொல்லல?"

"காலையில ஜெபம்ல பண்ணாங்க."

டிரைவரக்காவுக்கு உச்சி கொதித்தது. கையில் இருந்த நாற்காலியை அவள் வைத்த வேகத்தில் அதன் ஒரு கால் வளைந்துபோனது. "வா, இப்பவே போவோம் அவரு வீட்டுக்கு."

"நீங்க வரக்கூடாதுக்கா."

"என்ன?"

"மொதத் தடவ தனியாத்தான் போகணும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

தனியாகத்தான் போனாள். அடுத்த ஞாயிறு வகுப்பில், நடந்ததை அவள் ஒப்பித்தாள். மூப்பர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். "நீ எம் பொண்ணு மாதிரி" என்றார். அவள் மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். மூன்றாவது: அந்தக் கம்பியை அவிழ்த்துவிட வேண்டும். மூப்பர் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "கை வெந்தா ஆறிடும் பாப்பா. வாய் வெந்தா ஆறாது. போய்ட்டு வா."

"அப்ப நீ என்ன சொன்ன?" என்றான் குண்டு.

"போய்ட்டு வரேன்னு சொன்னேன். இன்னொரு தடவ வரணும்ல."

வகுப்பு சிரித்தது. டிரைவரக்கா சிரிக்கவில்லை.

இரண்டாவது தடவை சாட்சிகளாகப் போனது குண்டுவும் தாடியும். அவர்கள் சலவை நிலையத்துக்குள் நுழைந்தபோது நீராவியில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. ஹோட்டல் படுக்கை விரிப்புகள் சக்கரத் தொட்டிகளில் மலையாகக் குவிந்திருந்தன. ஈரத் துணியும் சோப்பும் சூடேறிய இரும்பும் கலந்த வாடை. இயந்திரத்தின் பாதுகாப்புக் கம்பி இன்னும் மேலே கட்டித்தான் இருந்தது. அதன்முன் நின்று விரிப்பை நீவி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது அவர்கள் வகுப்பிலேயே சின்னவள், தபால்காரரின் மகள். பதினாறு முடியவில்லை. பள்ளி விடுமுறைக்கு வேலை கேட்டு வந்திருந்தாள். மூப்பர்தான் மனமிரங்கிக் கொடுத்திருந்தார்.

மூப்பர் இந்த முறை நாற்காலி போடவில்லை. "என்னடா, பஞ்சாயத்தா? மீசை மொளைக்காத பயலுக்கெல்லாம் சாட்சி வேஷமா?" என்று தாடியைப் பார்த்துக் கேட்டார்.

"அங்கிள், மீச வேற விஷயம். கம்பி வேற விஷயம்" என்றான் தாடி. அவன் வாழ்நாளில் ஒரு பெரியவரிடம் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட வரச்சொல்லி டிரைவரக்காவுக்கு அழைப்பு வந்தது. அம்மா அப்பா போனபின் அவளை வளர்த்தது அந்த வீடுதான். ஓட்டுநர் பயிற்சிக்கு அனுப்பியது அத்தான். பின்கூடத்தின் சாவியை வகுப்புக்கு வாங்கித்தந்ததும் அத்தான். அவர் தட்டில் கை வைக்கும்முன் ஆரம்பித்தார்.

"உம் பிள்ளைங்கள அடக்கி வை."

"எம் பிள்ளைங்க இல்ல அத்தான். சபைப் பிள்ளைங்க. மேடையில நீங்க அப்படித்தான சொல்லுவீங்க?"

"வாய் நீளுது உனக்கு."

"கம்பிய அவுத்துட்டீங்களா?"

"ஒரு ஷீட்டுக்கு நாலு தடவ நிக்குது மெஷின். ஹோட்டல்காரன் காத்துக்கிட்டிருப்பானா? தொழில் உனக்கு என்ன தெரியும், பஸ் ஓட்டுறவளுக்கு?"

"பஸ்லயும் கதவு மூடலன்னா வண்டி நகராது அத்தான். அதையும் ஒரு கம்பி வச்சுக் கட்டிட்டு ஓட்டலாம். நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நடுவுல எவனாவது விழுந்து செத்தா, அவன் கவனக்குறைவுக்காக ஒரு ஜெபம் பண்ணிக்கலாம்."

அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "சாப்பிடுற எடத்துல என்னடி பேச்சு இது? இந்த வீட்டு உப்பத் தின்னு வளந்தவ நீ."

"உப்பத் தின்னவங்க தண்ணி குடிக்கணும்க்கா. அத்தான் இன்னும் குடிக்கல."

"எழுந்திரு" என்றார் அத்தான்.

அவள் எழுந்தாள். கை கழுவும் தொட்டியில் கழுவிக்கொண்டு, துண்டில் துடைத்து, துண்டை மடித்துப் போட்டுவிட்டுப் போனாள். வாசல்வரை யாரும் வரவில்லை. பேருந்து நிலையம்வரை நடந்தே போனவளுக்குக் கோபத்தில் தூரம் தெரியவில்லை. அத்தான்மேல் இருந்த கோபம் பாதி வழியிலேயே ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. அவளைக் குடைந்தது வேறொன்று. மூன்றாவது படியை வகுப்பில் ஒருநாள்கூட அவர்கள் பழகிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டாவது படியிலேயே குற்றவாளி அழுது மனந்திரும்பினான். பாதி வழிவரைக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்து, வண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை போதகர் அவளை ஆலய அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனாலேயே யாருக்கும் உதவத் தெரியாதவர். பாட்டுப் புத்தகங்களைச் சீராக அடுக்கியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தப்புன்னு சொல்லலம்மா. நேரம் சரியில்லன்னு சொல்றேன். அடுத்த மாசம் திடப்படுத்தல் ஆராதனை. ஆறு பிள்ளைங்க சபையில முழு அங்கத்தினரா ஆகுறாங்க. அந்தப் பொண்ணும் ஒரு வருஷமாப் படிச்சிருக்கா, பாவம். இப்பப் போய் சபை நடுவுல பேசினா, மூப்பர் குழு அவளுக்கு ஒத்துக்குமா? மொதல்ல திடப்படுத்தல் வாங்கட்டும். அப்புறம் மெதுவா நாம உக்காந்து பேசலாம்."

"அதுவரைக்கும் அந்த மெஷின்ல தபால்காரர் பொண்ணு நிப்பா."

"ஆண்டவர் காப்பாத்துவாரு."

"ஆண்டவர் காப்பாத்துறதுக்குத்தான் ஐயா அந்தக் கம்பிய வச்சாங்க. அதத்தான் கட்டிப் போட்டிருக்காங்க."

போதகர் புத்தகங்களை அடுக்குவதை நிறுத்தினார். "நீ சொன்னா அவ கேப்பாம்மா. நீதான சொல்லிக்குடுத்த. நீயே நிறுத்து."

அந்த ஞாயிறு வகுப்பில் அவள் வேதத்தைத் திறக்கவில்லை. முணுமுணுவை நேராக நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பேசினால் திடப்படுத்தல் கிடைக்காது. இந்தக் கூடமும் அநேகமாகப் போய்விடும். சபையில் பாதிப் பேருக்கு மூப்பருடைய கடையில் வேலை, மீதிப் பேருக்கு அவரிடம் மரியாதை. "பேசாம இருந்தாலும் நான் உன்னத் தப்பா நெனைக்க மாட்டேன். அம்மா என்ன சொல்றாங்க?"

"அழுறாங்க. ஆனா போகாதன்னு சொல்லல."

"நீ என்ன சொல்ற?"

முணுமுணு ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

"என்னது?"

"நான் ஆமென் சொல்லிட்டேன்கா" என்றாள் அவள். இப்போது கேட்டது. "எங் கவனக்குறைவுன்னு அவரு சொன்னதுக்கு நானும் ஆமென் சொல்லிட்டேன். அத நான் திருப்பி எடுக்கணும்."

டிரைவரக்கா நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னாள். மூன்றாவது படியை அன்றுதான் முதல்முறையாகப் பழகினார்கள். குண்டு மூப்பராக முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். இருமினான். கடிகாரத்தைப் பார்த்தான். "பாப்பா, சுருக்கமா, சுருக்கமா" என்று கையை ஆட்டினான். தாடி தூங்குகிற கிழவராக நடித்துக் குறட்டை விட்டான். சிரிப்புக்கு நடுவே குண்டு எழுந்துபோய்ச் சுவரில் சுவிட்சைத் தட்டுவதுபோலக் காட்டினான்.

"மைக்க ஆஃப் பண்ணிட்டேன். இப்ப என்ன பண்ணுவ?"

சிரிப்பு நின்றது. அப்படியும் நடக்கும் என்று எல்லாருக்கும் உறைத்தது. டிரைவரக்கா கூடத்தின் மறுகோடிக்கு நடந்துபோய்க் கதவை ஒட்டி நின்றாள்.

"எனக்குக் கேக்கணும்" என்றாள். "திரும்பச் சொல்லு."

முதல் தடவை கேட்கவில்லை. பலமுறை சொல்லவைத்தாள். "வயித்துலேருந்து எடு. பஸ்ல கடைசி சீட்டுல இருக்கிறவன எறங்கச் சொல்ற மாதிரி." ஒரு கட்டத்தில் முணுமுணு அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் கதவுவரை கேட்டது. வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆலயக் காவலாளி எட்டிப்பார்த்து, "என்னம்மா, யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டார்.

"ஆமா. ரெண்டு வாரத்துக்கு முன்னால" என்றான் தாடி.

அடுத்த ஞாயிறு காலை ஆராதனையில், வழக்கம்போலப் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் வந்தது. யார் வேண்டுமானாலும் முன்னால் போய், தமக்கு வந்த கஷ்டத்தையும் கர்த்தர் செய்த நன்மையையும் சொல்லலாம். ஒருவருக்குப் பேரன் பிறந்திருந்தான். ஒருத்திக்கு மூட்டுவலி குறைந்திருந்தது. அதன்பின் முணுமுணு எழுந்து நடந்தாள். டிரைவரக்கா வழக்கமான கடைசி வரிசையில் இருந்தாள். மூப்பர் முன்வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில்.

"ஸ்தோத்திரம்" என்று எல்லாரையும்போலத்தான் ஆரம்பித்தாள். "சலவைக் கடையில கை மாட்டாம இருக்கிறதுக்கு வச்ச கம்பியக் கட்டிப் போட்டிருந்தாங்க, அதனால எங் கை வெந்துச்சு. அது எங் கவனக்குறைவு இல்ல. நான் ஆமென் சொன்னது தப்பு, அதத் திருப்பி எடுத்துக்கிறேன்."

மைக் செத்தது. மூப்பரின் கை பெட்டியிலிருந்து மடிக்குத் திரும்புவதை முதல் மூன்று வரிசைகள் பார்த்தன.

முணுமுணு மைக்கைப் பார்த்தாள். அதைத் தாங்கியிலேயே விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"கம்பி இன்னும் கட்டித்தான் இருக்கு. இப்ப அங்க வேற பொண்ணு நிக்குது. அத அவுத்து விடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கடைசி வரிசைக்குக் கேட்டது. வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது.

மூப்பர் எழுந்தார். "நாம எல்லாரும் எழுந்து நின்னு கர்த்தரைத் துதிப்போம்" என்று சொல்லி, அவரே பாட்டை எடுத்தார். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. சபை எழுந்து நின்றது. பாதிப் பேர் பாடினார்கள். முதல் அடி முடிவதற்குள் அது முக்கால்வாசி ஆனது. கைதட்டலும் சேர்ந்தது. முன்னால் நின்ற பெண்ணின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இப்போது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு சிறுபெண்ணின் வெந்த கையை ஒரு பாட்டைப் போட்டு மூடிவிட முடியும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

டிரைவரக்கா நடுப்பாதையில் நடந்து முன்னால் போய் அவள் பக்கத்தில் நின்றாள். பாடவில்லை. கையும் தட்டவில்லை. அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குண்டுவும் தாடியும் வந்து நின்றார்கள். போதகர் பிரசங்க மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இரண்டாம் அடி தொடங்கும்போது நான்காவது வரிசையில் தபால்காரர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மகளின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டார். தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகிய குரல். பாட்டுக்கு மேலே கேட்டது.

"பாப்பா, அந்தக் கம்பி கட்டியிருக்கா இல்லையா?"

"கட்டியிருக்குப்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலப்பா."

அவர் எழுந்து, மகளை இழுத்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துத் தாண்டி வெளியே போனார். போகும்போது நடுவில் நின்று, "பாடுங்க, பாடுங்க. நல்லாப் பாடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு குடும்பங்கள் போயின. பாட்டு மூன்றாம் அடிக்குப் போகாமல், ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியில் மூப்பர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். அவரும் நிறுத்தினார்.

திங்கட்கிழமை சலவை நிலையத்துக்கு, அங்கே வேலை பார்த்த வகுப்புப் பிள்ளைகள் யாரும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஹேங்கர் கம்பி அவிழ்க்கப்பட்டது. இயந்திரம் முன்போல அடிக்கடி நிற்கிறது.

திடப்படுத்தல் ஆராதனை குறித்த நாளில் நடந்தது. ஐந்து பேர் திடப்படுத்தப்பட்டார்கள். ஆறாவது பெண் பணிவில் இன்னும் ஓராண்டு பயிற்சி பெற வேண்டும் என்று மூப்பர் குழு முடிவெடுத்தது. போதகர் அந்த முடிவை வாசித்தார். பின்கூடத்தின் சாவி திரும்பப் பெறப்பட்டு, கூடம் பாடகர் குழுவுக்கு ஒதுக்கப்பட்டது. வாலிபர் வகுப்பு இப்போது ஞாயிறு பிற்பகல்களில் தபால்காரரின் வீட்டு முன்னறையில் நடக்கிறது. அக்கா வீட்டிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. மூப்பர் மூப்பராகவே இருக்கிறார். பெண்ணின் கைக்கட்டு அவிழ்க்கப்பட்டுவிட்டது. ஆள்காட்டி விரல் முழுதாக மடங்குவதில்லை.